பந்திவிசாரணைக்கும் அபிஷேகம் வேண்டும்



 

எழுப்புதலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆவியானவர் என் நினைவை ஒரு கணக்குப் புத்தகத்துக்கு நடத்தினார். சிரிக்காதீர்கள். கடைசிவரை வாசியுங்கள். இது பிரசங்கம் மட்டுமல்ல, என்னுடைய பாவ அறிக்கையும்கூட.

நம் ஆராதனைக்கு வருகிறவர்களில் அநேகருக்கு, தாங்கள் இந்தக் கனடா மண்ணில் முதல் நாள் நின்ற இடம் நினைவிருக்கும். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம்முடைய தமிழ்ச் சனங்கள் 155 பேரை அந்த ஊர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தார்கள். மற்றவர்கள் விமானத்தில் வந்தோம். எப்படி வந்தாலும், யாரோ ஒருவர் நமக்கு ஒரு படிவம் நிரப்பித் தந்தார். யாரோ ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் காட்டினார். யாரோ ஒருவர் குளிர் ஜாக்கெட் தந்தார். அந்த ‘யாரோ’வுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. அந்த நிறுவனத்துக்குப் பின்னால், மாதத்தில் ஒரு மாலை, சம்பளம் இல்லாமல் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிற சிலர் இருந்தார்கள். அவர்கள்தான் நிர்வாக சபை. நாம் வாயால் சொல்லுகிற ‘போர்ட்’.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு நிர்வாக சபைக்கு என்னையும் அழைத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கில வகுப்பும், வீடு தேடும் உதவியும், அகதிக் கோரிக்கை எழுத உதவியும் செய்கிற சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். என்னைப் பொருளாளராக வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே பெருமை. சபையில் மூப்பர், வெளியில் பொருளாளர்! ஒவ்வொரு கூட்டத்தையும் நான்தான் ஜெபித்து ஆரம்பிப்பேன். மேலாளர் தந்த தாளை வாசிப்பேன். “எல்லாம் சரி” என்பேன். கை உயர்த்துவார்கள். குறிப்பில் எழுதுவார்கள். வீட்டுக்குப் போவோம்.

எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு சகோதரியும் அந்தச் சபையில் இருந்தார். ஒரு காலத்தில் அதே நிறுவனத்தில் உதவி கேட்டு வரிசையில் நின்றவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் அவர் கையை உயர்த்தி, “பொருளாளர் அவர்களே, ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வரிப் பணம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? அந்த ரசீதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பார்த்தேன்” என்று சொல்லவில்லை. “பார்க்கவில்லை” என்றும் சொல்லவில்லை. “இதெல்லாம் மேலாளர் கவனிக்கிற விஷயம்” என்று சொல்லி அடுத்த காரியத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். “நான் ஜெபிக்கிற மனுஷன். என்னைப்போய்ச் சந்தேகப்படுறாவே!”

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அவ கேட்டதில என்னப்பா பிழை? ரசீதைக் காட்டியிருந்தால் முடிஞ்சுதுதானே.”

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வேதத்தைத் திறந்தேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எத்தனையோ தரம் பிரசங்கித்த பகுதி. அன்றைக்குத்தான் அது எனக்குப் பிரசங்கித்தது.

எருசலேம் சபை பற்றியெரிகிற காலம் அது. அடையாளங்கள், அற்புதங்கள், ஆயிரக்கணக்கான ஆத்துமாக்கள். அந்தச் சபைக்குள்ளே ஒரு முறுமுறுப்பு எழும்பியது. கிரேக்க மொழி பேசுகிற விதவைகள், அதாவது வேறு தேசங்களிலிருந்து வந்து எருசலேமில் தங்கினவர்கள், அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டுப் போனார்கள். உள்ளூர் விதவைக்குக் கிடைத்தது, வந்தேறிய விதவைக்குக் கிடைக்கவில்லை. அபிஷேகம் நிறைந்த சபையில்தான் அது நடந்தது, பிரியமானவர்களே! அப்போஸ்தலர்கள் திருடவில்லை. ஓரவஞ்சனை செய்தார்கள் என்றும் எழுதப்படவில்லை. கவனிக்க ஆள் இல்லை. அவ்வளவுதான். கவனிக்க ஆள் இல்லாவிட்டால், நல்லவர்கள் நடத்துகிற இடத்திலும் ஏழையின் தட்டு வெறுமையாகும்.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. “எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று கேட்கவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரைக் கவனியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! கடைசி ஆள் அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தைத் தழுவினவன், ஆக இரண்டு மடங்கு அந்நியன். யாருடைய விதவைகள் பட்டினி கிடந்தார்களோ, அந்தப் பக்கத்தாரின் கையிலேயே களஞ்சியத்தின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அல்லேலூயா!

நான் என்ன செய்திருந்தேன்? வரிசையில் நின்று வந்த சகோதரி கேள்வி கேட்டபோது அவர் வாயை அடைத்திருந்தேன். அந்த இரவில் கர்த்தர் என் இருதயத்தில் தெளிவாக உணர்த்தினார்: “நீ ஜெபித்தாய். ஆனால் பார்க்கவில்லை.”

அடுத்த நாள் காலையில் அலுவலகத்துக்குப் போனேன். லாச்சியைத் திறந்தேன். வரித் திணைக்களத்தின் கடிதங்கள் உடைக்காமலே கிடந்தன. ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்த வருமான வரி, ஓய்வூதியப் பங்கு, வேலைக் காப்புறுதிப் பங்கு எல்லாம் மூன்று மாதமாகக் கட்டப்படவில்லை. அரசாங்க மானியம் வரத் தாமதமாகியது. கட்டட வாடகைக்கு அந்தப் பணத்தை எடுத்திருந்தார்கள். யாரும் தன் பைக்குள் ஒரு சதமும் போடவில்லை. ஆனாலும் அந்தப் பணம் எங்களுடையதல்ல. ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்து, அவர்கள் பெயரில் எங்கள் கையில் நம்பி விடப்பட்ட பணம்.

பிரியமானவர்களே, அநேகருக்கு இது தெரியாது. பிடித்த பணத்தை நிறுவனம் கட்டாவிட்டால், தகுந்த கவனம் எடுத்தோம் என்று காட்ட முடியாத நிர்வாக சபை அங்கத்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டிவரும். வருமான வரிச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. ஒன்ராறியோவில் 2021 அக்டோபர் 19ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனங்களின் சட்டத்தில், ஊழியருக்குக் கொடுபடாத சம்பளத்துக்கும் ஆறு மாத அளவுவரை அங்கத்தவர்கள் பொறுப்பாளிகளாகலாம். “நான் தொண்டன், சம்பளம் வாங்கவில்லை, எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப முடியாது. மனுஷருடைய சட்டமே இப்படிக் கேட்குமானால், விதவைக்கும் பரதேசிக்கும் நியாயம் செய்கிற தேவன் கணக்குக் கேட்கமாட்டாரோ?

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். என் முழங்கால் நடுங்கியது. “சகோதரி கேட்டது சரி. நான் பார்க்கவில்லை. பார்த்ததுபோல நடந்துகொண்டேன்” என்று அறிக்கை செய்து, பதவி விலகல் கடிதத்தை மேசையில் வைத்தேன். அந்தச் சகோதரிதான் அதை என் பக்கம் திருப்பித் தள்ளினார். “போய்விடுவது இலகு. இருந்து இதைச் சரி செய்யுங்கள். பிறகு போகலாம்” என்றார்.

வரித் திணைக்களத்துடன் பேசித் தவணை முறையில், தண்டத்தோடும் வட்டியோடும் கட்டினோம். அதற்காக ஒரு தவணைக்கு மாலை ஆங்கில வகுப்பை நிறுத்த வேண்டி வந்தது. நம் ஊர் தம்பி ஒருவர், இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டுப் பின்னேரம் அந்த வகுப்புக்கு வருகிறவர், ஒரு நாள் ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். “அண்ணை, இந்த முறை வகுப்பு இல்லையாமே? ஏனெண்டு தெரியுமோ?” என்று கேட்டார். தெரியும், தேவ பிள்ளையே. எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவருடைய கண்ணைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

அந்த ஏழு பேருக்கும் அப்போஸ்தலர்கள் மூன்று தகுதிகளை வைத்தார்கள். இந்த ஊழியத்துக்கு அழைக்கப்படுகிற ஒவ்வொருவரும் அவற்றை இருதயத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நற்சாட்சி. பவுல் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் நியமித்த சகோதரரைக் கூட அனுப்பினான். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க விரும்பினான் (2 கொரிந்தியர் 8). ஆகவே காசோலையில் இரண்டு கையெழுத்து கேட்டால் கோபிக்காதீர்கள். உங்கள் அக்கா மகன் அந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தால், அதை முதலே வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பேச்சு முடியும்வரை வெளியே போய் நில்லுங்கள். நெகேமியா பன்னிரண்டு வருஷம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. பாரம் சுமந்த சனத்தை நினைத்தான்.

இரண்டாவது, பரிசுத்த ஆவி. பணக் கணக்குக்கு ஆவியானவர் எதற்கு என்று கேட்கிறீர்களா? சோதனை அங்கேதான் வருகிறது. மத்திய அரசின் குடியேற்ற சேவைப் பணத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் இடம் உண்டு. கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருக்கிறவருக்கு அதில் இடமில்லை. அப்படிப்பட்ட ஒரு தாய் குழந்தையோடு வாசலில் நின்றால் என்ன செய்வீர்கள்? பெயர்ப் பட்டியலில் பொய் எழுதலாம். அல்லது, “சட்டம் இல்லை, போங்கோ” என்று கதவை மூடலாம். இரண்டும் மாம்சத்தின் வழி. ஆவியில் நடக்கிற சபை மூன்றாவது வழியைத் தேடும். மாகாணத் திட்டங்களில் இடம் உண்டா என்று பார்க்கும். நன்கொடை சேர்க்கும். சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைத் திறந்துவிடும். பொய்யும் சொல்லாது, தாயையும் அனுப்பாது.

மூன்றாவது, ஞானம். மோசே காலைமுதல் மாலைவரை தனியே உட்கார்ந்து எல்லா வழக்கையும் விசாரித்தான். மீதியான் தேசத்து மாமன் எத்திரோ வந்து, “நீயும் களைத்துப்போவாய், சனமும் களைத்துப்போகும்” என்ற கருத்தில் புத்தி சொன்னான். மோசே கேட்டான். நிர்வாக சபையின் வேலை, நாள்தோறும் போன் எடுத்து மேலாளரை விரட்டுவது அல்ல. நான் செய்ததுபோல உறங்குவதும் அல்ல. வழியைத் தீர்மானிக்க வேண்டும், நல்ல மேலாளரை வைக்க வேண்டும், கணக்கைப் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். 2024 அக்டோபரில் கனடா அரசு 2025க்கான நிரந்தர வதிவிட இலக்கை 500,000இலிருந்து 395,000 ஆகக் குறைத்தது. குடியேறிகளுக்கு உதவுகிற பல நிறுவனங்களுக்கு வருகிற பணமும் குறைந்தது. ஆறு மாதத்துக்கு முன்னே யோசிக்கிற ஞானம் இல்லாவிட்டால், முதலில் வெறுமையாவது ஏழையின் தட்டுத்தான்.

இனி அந்த அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். ஏழு பேர்மேலும் கைகளை வைத்து ஜெபித்தார்கள். அதன்பிறகு என்ன நடந்தது? வசனம் விருத்தியடைந்தது. சீஷரின் தொகை பெருகியது. ஆசாரியர்களில்கூட அநேகர் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். விதவையின் தட்டு நிறைந்த பிறகு வந்த எழுப்புதல் அது! நாம் எழுப்புதலுக்காக உபவாசிக்கிறோம். நல்லது, விடாமல் உபவாசிப்போம். கூடவே, உடைக்காமல் லாச்சியில் கிடக்கிற கடிதங்களையும் உடைப்போம்.

கடன் தீர்ந்த மாதத்தில் நான் பொருளாளர் பொறுப்பை விட்டேன். யாரிடம் கொடுத்தேன் என்று உங்களுக்கே தெரியும். சாவியை அந்த எரித்திரியச் சகோதரியின் கையில் வைத்தேன். மாலை வகுப்பு திரும்பவும் நடக்கிறது. கர்த்தருக்கே மகிமை!

இதை வாசிக்கிற உங்களில் யாரையாவது இப்படி ஒரு மேசைக்கு அழைத்தால், பயந்து மறுக்காதீர்கள். பெருமைக்காகவும் போகாதீர்கள். நீங்களும் ஒருநாள் அந்நியராய் இருந்தீர்கள் என்பதை நினைத்துப் போங்கள்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோக பிதாவே, அந்நியராய் வந்த எங்களைச் சேர்த்துக்கொண்டீரே, ஸ்தோத்திரம். மேசைகளைக் கவனிக்கிற எங்கள் கைகளைச் சுத்திகரியும். கேள்வி கேட்கிறவர்களை எதிரியாகப் பார்க்காத இருதயம் தாரும். பார்க்க வேண்டியதைப் பார்க்கும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்