பித்தனான பிரபு

நானே கடவுள் என்று ஒருவன் கூறினால், அதை ஞானமென்று வணங்குவதா, சித்தப்பிரமையென்று விலக்குவதா என்னும் வினாவைக் கேலிக்கூத்தாக எழுப்பிய ஆங்கிலப் படம், 1972-இல் வெளிவந்த 'தி ரூலிங் கிளாஸ்'. தன்னை அன்பே வடிவான தேவனென்று நம்பும் பிரபு ஒருவன், சிகிச்சைக்குப்பின் தன்னைக் கொலைபாதகன் 'ஜாக் தி ரிப்பர்' என்று கருதத் தொடங்குகிறான். முன்பு அவனைப் பைத்தியமென்று ஏசிய உயர்குலத்தாரே இப்போது குணமடைந்துவிட்டான் என்று மகிழ்கிறார்கள்.

பீட்டர் பார்ன்ஸ் தம் நாடகத்தைத் தழுவி எழுதிய திரைக்கதை, சொன்னதையே சொல்லி, நடுநடுவே பாட்டையும் புகுத்தி, இரண்டரை மணி நேரத்துக்கு நீள்வதால், பரிகாசத்தின் கூர் மழுங்கிவிடுகிறது. ஆனால் நாயகன் பீட்டர் ஓ'டூல், சிலுவையில் சாவதானமாக ஏறி இளைப்பாறும்போதும் சரி, பின்னர் உடல் விறைத்துக் குரல் இறுகி நிற்கும்போதும் சரி, ஆசிரியர் தொடாத ஒரு சூட்சுமத்தைத் தொட்டுவிடுகிறார். 'அஹம் பிரம்மாஸ்மி' என்னும் மகாவாக்கியத்தை அகங்காரம் கரைந்தவன் சொன்னால் எதிரே நிற்பவனும் பிரம்மமாகிறான். அகங்காரம் வீங்கியவன் சொன்னால் எதிரே நிற்பவன் இரையாகிறான். வசனம் விளக்காத இந்தப் பேதத்தை அவருடைய கண்களே விளக்குகின்றன. (நல்ல நடிகன் சில சமயம் பாஷ்யகாரனும் ஆவான் போலும்!)

இந்நடிப்புக்காக ஓ'டூல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பரிசோ, 'தி காட்ஃபாதர்' படத்துக்காக மார்லன் பிராண்டோவுக்கு அறிவிக்கப்பட்டது, அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.