இரைச்சலுக்குள் சிரவணம்

காது மந்தமானால் மௌனம் தானாகச் சித்திக்கும் என்கிறவர்களுக்கெல்லாம் காது நன்றாகக் கேட்கிறது. மதுரை செல்லூர் விசைத்தறிக் கூடத்தில் ஆயுளில் பாதியைக் கழித்த எனக்கு மிஞ்சியது இரைச்சல்தான். ராத்திரி ஊர் அடங்கினாலும் காதுக்குள் ரீங்காரம் அடங்குவதில்லை.

வீட்டில் மனைவி எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் விளங்கும். அதே பேச்சு கீழமாசி வீதியில் வெறும் சத்தமாகத்தான் வந்து சேரும். டாக்டர் காட்டிய ஆடியோகிராமில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. ஓயாத சத்தத்தில் உழைத்தவர்களுக்கு முதலில் அடிபடும் இடம் அது. உயிரொலி கனமானது, தாழ்ந்த சுருதியில் நின்று ஒலிக்கும். க, ச, த, ப எல்லாம் மெலிசாக வந்து நொடியில் மறைந்துவிடும். கடை, தடை, படை மூன்றும் எனக்கு ஒன்றே. அமைதியான இடமென்றால் பேச்சின் போக்கை வைத்து ஊகித்துக்கொள்வேன். கூட்டத்தில் ஊகிக்கவும் ஏதும் கிடைக்காது. காதில் மெஷின் மாட்டினால் பேச்சோடு பஸ் ஹாரனும் சேர்ந்து பெருகுகிறது.

பாகவதம் சொல்லும் ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். வேதாந்தத்திலும் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்றுதான் வரிசை. வள்ளுவர் ‘கேள்வி’க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அப்படியானால் நான் வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டவனா?

ஆறுதல் சொல்பவர்கள் தட்சிணாமூர்த்தியைக் காட்டுவார்கள். கல்லால மரத்தடியில் வாய் திறக்காமலே சனகாதி நால்வருக்கு உபதேசித்தாரே என்பார்கள். ஆனால் நம்மூர்த் திருவிளையாடலைப் பாடிய பரஞ்சோதி முனிவர், அந்த நால்வரையும் கல்வியிலும் கேள்வியிலும் தேர்ந்தவர்களாகவே காட்டுகிறார். கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தவர்களுக்குக் கிடைத்தது அந்த மௌனம். பாதி கேட்டுத் திண்டாடுகிறவனுக்கு அதை எடுத்து நீட்டுவது சரியில்லை.

சித்திரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்கும்போது மட்டும் எனக்குக் குறையே தெரியாது. லட்சம் பேர் கோவிந்தா போடும் அந்த நெரிசலில் பக்கத்து ஆள் பேசுவது யாருக்குத்தான் கேட்கிறது? ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார்கள், அத்தனையும் தனித்தனியாக அவருக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறார்கள். பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மனிதன் எப்படிப் பிரித்தெடுக்கிறான் என்று காலின் செர்ரி என்பவர் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். இரண்டு காதும் மூளையும் கூடிச் செய்கிற வேலை அது. எனக்குப் போனதும் அதுதான். அதனால் சாமியை நினைக்கும்போது அவருடைய சக்கரமோ தங்கக் குதிரையோ என்னை மலைக்க வைப்பதில்லை. அந்தப் பிரித்துக் கேட்கும் காதுதான் மலைக்க வைக்கிறது.

சாமிக்கு இருப்பதை மனிதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிரவணம் கேட்கிறவன் பாடு மட்டுமல்ல, சொல்கிறவர் பாடும்தான். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பெரியபுராணம் சொல்ல வருகிறவரிடம், “ஐயா, அந்தக் குழாய் ஸ்பீக்கரை நிப்பாட்டிட்டு, எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றேன். அவருக்குச் சம்மதம். நிர்வாகிகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்க வேண்டுமாம். தெருக்கோடியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.