ரதத்தில் நாய்க்கு இடம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கே ஓர் ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிற எனக்கு அப்போது ஒரு கேள்வி வரும்: நாளைக்கு நட்சத்திரங்களுக்குக் கப்பல் விட்டால், அதில் நாய் பூனைக்கு என்ன வேலை?

என் இடுப்பில் தொங்கும் கேஸ் டிடெக்டரைக் கேட்டால் ஒரு வேலையும் இல்லை என்றுதான் சொல்லும். டேங்குக்குள் ஆள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று அது காட்டிவிடுகிறது. பிரிட்டன் சுரங்கங்களில் 1980கள் வரை இதைக் கேனரிக் குருவிகள் செய்தன. குருவி மயங்கினால் மனிதன் வெளியே ஓடுவான். சில கூண்டுகளில் குருவியைப் பிழைக்கவைக்கச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. அதைப் பொருத்தியவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. மாஸ்கோ தெருவில் பிடித்த லைக்கா என்ற நாய்க்கு அந்தக் கருணையும் கிடைக்கவில்லை. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக்-2இல் ஏற்றும்போதே திரும்பிவர வழியில்லை என்று தெரியும். சில மணி நேரத்தில் வெப்பம் தாங்காமல் செத்தது என்ற விவரம் 2002இல்தான் வெளியே வந்தது. நமக்கு முன்னால் சாவதுதான் மிருகங்களுக்கு நாம் கொடுத்த பெரிய உத்தியோகம். ககன்யானின் ஆளில்லாப் பயணத்துக்கு இஸ்ரோ வியோமித்ரா என்ற இயந்திரப் பெண்ணைத் தயார்செய்ததில் எனக்கு நிம்மதி.

சுஜாதாவும் ‘என் இனிய இயந்திரா’வில் நாயை இயந்திரமாகவே படைத்தார். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் மட்டும் நிஜப் பூனை. பிரயோஜனம் பூஜ்யம், அதைத் தேடிப்போய்த்தான் ஒருவன் சாகிறான். ஆனாலும் கதாநாயகி அதை விட்டுவிட்டுத் தப்பிப்பதில்லை.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து பெரும்பாலும் படுகளத்தோடு முடிந்துவிடும். பாரதத்தில் அதற்குப் பிற்பாடு வரும் கதைதான் எனக்கு முக்கியம். மனைவியும் தம்பிமாரும் சொர்க்கம் போகும் வழியில் விழுந்துவிட்டார்கள். தருமரோடு ஒரு நாய் மட்டும் நடக்கிறது. ரதம் கொண்டுவந்த இந்திரன், நாய்க்கு இடமில்லை என்கிறான். தருமர் அதன் காவலையோ மோப்பத்தையோ சொல்லி வாதாடவில்லை. நம்பி வந்ததைக் கைவிடுவது பாவம், அவ்வளவுதான். கடைசியில் அது தருமதேவதை என்று தெரியவரும். அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை, பரிசு கொடுத்துக் கணக்கை முடித்த மாதிரி இருக்கிறது. அவர் முடிவெடுத்தபோது அது வெறும் நாய்.

ஆனால் அந்த நாய் தானாக வந்தது. கப்பல் பூனையை நாம்தான் கூடையில் தூக்கிப்போவோம். அப்படியானால் அதன் மூச்சையும் ஆக்சிஜன் கணக்கில் எழுதவேண்டும், தப்பிக்கும் கலத்தில் அதற்கும் இருக்கை வேண்டும். இது முடியாதென்றால் ஏற்றவே கூடாது. ஆலையில் அவசர ஒத்திகையின்போது அசெம்பிளி பாயின்ட்டில் தலை எண்ணுவோம். கேட்டில் கிடக்கும் நாயும் வந்து நிற்கும். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

“ஆக்சிஜன் ஒருத்தருக்குத்தான் இருக்குன்னா என்ன பண்ணுவீங்கண்ணே?” என்று ஃபிட்டர் தம்பி ஒருவன் மடக்கினான். மனுஷனுக்குத்தான் கொடுப்பேன் என்றேன். அந்த இடத்தில் தருமர் பக்கம் நிற்க எனக்குத் துணிவில்லை.