வெயிலும் விதியும்

 

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் மரணித்ததாக சவூதி அரசு அறிவித்தது. அந்த நாட்களில் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மரணித்தவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி பெறாமல் வந்து, ஒதுங்க நிழலின்றி நேர் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள்.

"எவ்வளவு பாக்கியமான மவ்த்!" என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். இஹ்ராமில் மரணித்தவர் மறுமையில் தல்பியா சொன்னபடியே எழுப்பப்படுவார் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. ஆனால் அது இறந்தவருக்குரிய நற்செய்தி. உயிரோடு இருக்கும் நம்மை அது பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுமா?

"மக்கா என்றுமே வெயில் பூமிதானே" என்று நீங்கள் கேட்கலாம். ஆம். ஆனால் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவை மனிதன் எரித்ததே முக்கியக் காரணம். பூமியை விட்டு வெளியேற வேண்டிய சூட்டை அந்த வாயு பிடித்து வைக்கிறது. உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் கூடியதற்கே, எப்போதோ வந்த கடும் வெயில் இப்போது அடிக்கடி வருகிறது. கோடையைப் படைத்தவன் அல்லாஹ். அதன்மேல் இந்தக் கூடுதல் சூட்டை ஏற்றியவை மனிதக் கரங்கள். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதனின் செயலையே அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆவது வசனம் காரணம் காட்டுகிறது.

"நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லையே" என்று சொல்லத் தோன்றும். ஃபிக்ஹ் சட்டத்தைப் பாருங்கள். பொதுப்பாதையில் ஒருவன் உரிமையின்றிக் கிணறு தோண்டுகிறான். யாரோ அதில் விழுந்து இறக்கிறார். இவன் அவரைத் தள்ளவில்லை. அவர் யாரென்றே தெரியாது. ஆனாலும் ஹனஃபி மத்ஹபில் அந்த உயிருக்கு தியத் உண்டு. "அவர் விழ வேண்டும் என்பது விதி" என்ற வாதம் அங்கே செல்லாது.

இந்தக் கிணற்றை எல்லோரும் ஒரே அளவில் தோண்டவில்லை. செல்வந்த நாடுகளும் பெரும் நிறுவனங்களுமே ஆழமாகத் தோண்டின. அவர்களின் கணக்கு பெரியது. அதற்காக நம் கையில் இருக்கும் மண்வெட்டி இல்லையென்று ஆகிவிடாது.

உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் செல்லும் வழியில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். விதியை நம்புவது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல.

பிறைக் கணக்கில் ஹஜ் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்கிறது. 2025உடன் கோடை ஹஜ் விலகியது. 2050 வாக்கில்தான் திரும்ப வரும். அன்று தவாஃப் செய்யப்போவது நம் பிள்ளைகள். அன்றைய வெயில் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதில், இன்று நாம் எரிப்பதற்கும் பங்குண்டு. நடந்து போகும் தூரத்துக்கு வண்டியை எடுக்கும்போதும், ஆளில்லாத பள்ளிவாசலில் ஏசி ஓடும்போதும் இந்த அமானிதம் நினைவுக்கு வரட்டும்.

அந்த ஹாஜிகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் பொறுப்பை உணர்ந்து நடக்க நமக்கு தவ்ஃபீக் தருவானாக! ஆமீன்.