கூடு கூடுமா?

பிஸ்மில்லாஹ் சொல்லி வைட்டமின் கேப்சூலை வாயிலிடுகிறோம். உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருப்போம். அதை மூடியிருக்கும் கூட்டைப் பற்றி யாரிடம் கேட்டோம்?

சாதாரணக் கூடு இரைப்பையிலேயே கரைந்துவிடும். இப்போது இரைப்பையின் அமிலத்துக்கு அசையாமல், குடலின் அடிப்பகுதிக்குப் போன பிறகே கரையும் பூச்சுகளைச் செய்கிறார்கள். கீழே இறங்க இறங்க அமிலத் தன்மை குறைவதே பூச்சுக்கு அடையாளம். சாதாரணமாக விழுங்கும் வைட்டமினைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொள்ளும்; பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு மிஞ்சுவது சொற்பம். அவற்றுக்கும் எட்டவேண்டும் என்பதே புதிய முயற்சி. ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் நியாசின் என்னும் வைட்டமினை இப்படி மூடிக் கொடுத்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பூசியது அரக்கு.

இங்கேதான் படித்த சகோதரர்கள் சிலர் ஒரு நுட்பமான வாதத்தைக் கிளப்புகிறார்கள். "வைட்டமின் கிருமிகளுக்கு, கூடு வெறும் உறை. இது நம் உணவே அல்லவே, ஹலால் ஹராம் எதற்கு?" என்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நோன்பாளி ஒருவர் தெரிந்தே ஒரு கூழாங்கல்லை விழுங்கினால் என்ன சட்டம்? கல் செரிப்பதில்லை, பசியும் தீராது. ஆயினும் நோன்பு முறிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் கஃப்பாரா இல்லை, கழா மட்டும் உண்டு என்பது வேறு விஷயம். ஆக, மார்க்கம் தொண்டையைப் பார்க்கிறது. அதற்குக் கீழே யார் பயன் அடைகிறார் என்று பார்ப்பதில்லை. மேலும் ஜெலட்டின் புரதம். அது செரித்து நம் உடம்போடுதான் சேர்கிறது.

அந்த ஜெலட்டின் மாட்டின் தோல், எலும்பிலிருந்தும் வரும்; பன்றித் தோலிலிருந்தும் வரும். பன்றியிலிருந்து எடுத்தது கூடாது என்று 1986இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. அடியோடு வேறு பொருளாக மாறிவிட்டதால் கூடும் என்று 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹு கருத்தரங்கு சொன்னது. உப்பளத்தில் விழுந்து உப்பாகவே மாறிய கழுதையை ஹனஃபி நூல்கள் சுத்தம் என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபிலோ இந்த வாசல் மிகக் குறுகியது: தானாகக் காடியாக மாறிய மது, பதனிட்ட தோல் போன்ற சிலவே. பதனிட்டாலும் பன்றித் தோல் சுத்தமாகாது.

நம் பார்வையில் இந்தக் கருத்து வேறுபாடு, வேறு மருந்து கிடைக்காத நோயாளிக்கு நிழல். உடம்பில் குறையேதும் இல்லாமல், விளம்பரம் பார்த்துச் சத்து மாத்திரை வாங்குகிறவர் அந்த நிழலில் ஒதுங்க என்ன நிர்ப்பந்தம்? தாவர நாரிலிருந்து செய்த கூடுகளும் கடைகளில் இருக்கின்றனவே! அரக்கைப் பொறுத்தவரை நமக்குத் தயக்கம் இல்லை. அது ஒரு பூச்சியின் கசிவு. தேனீயின் வயிற்றிலிருந்து வருவதை நாம் விரும்பியே உண்கிறோம்.

சீசாவில் 'ஜெலட்டின்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் எந்தப் பிராணி என்பது அதிலிருந்து தெரியாது. மாடுதான் என்றாலும் முறைப்படி அறுத்ததா என்ற கேள்வி நிற்கும். கம்பெனியின் முகவரி அதே சீசாவில்தான் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.