இரண்டு ஐயங்கள்

மேலை அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் அறிந்ததெல்லாம் திரைப்படங்களின் வாயிலாகத்தான். புழுதி படிந்த ஒற்றைத் தெரு, மதுக்கடையின் ஆடுங்கதவு, இடையில் துப்பாக்கியுடன் குதிரையை விட்டு இறங்கும் ஒருவன். அப்படங்களில் தீயவன் யார் என்பது அவன் திரையில் தோன்றிய கணமே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வூர்களில் உண்மையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நேற்று எந்தக் கண்டத்தில் இருந்தான் என்பதே தெரியாத இடத்தில், முகத்தைப் பார்த்தே அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய முடிவு ஒன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

1848ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு மர அறுவை ஆலையின் வாய்க்காலில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை கடற்கரைச் சிற்றூராக இருந்த சான் பிரான்சிஸ்கோ மூன்றே ஆண்டுகளில் பல்லாயிரவர் மொய்க்கும் நகரமாயிற்று. வந்தவர்கள் தங்கத்துக்காக வந்தார்கள். ஊரை நடத்துவதற்காக வரவில்லை. திருட்டு மலிந்தது, தீ விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்தன, காவல் நொய்ந்திருந்தது. குற்றம் எங்கே நிகழ்ந்தாலும் முதலில் சுட்டப்பட்டவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள். ஆங்கில அரசு கைதிகளை நாடு கடத்திய நிலம் அன்றோ அது! அவர்களுக்குச் ‘சிட்னி வாத்துகள்’ என்றே பட்டப்பெயர். அவர்களுள் கொடியவர் பலர் இருந்தது மெய். உழைத்துப் பிழைக்க வந்தவர்களும் இருந்தார்கள். பிழைப்புத் தேடி வேற்றுமொழி நகரங்களில் குடியேறிய நமக்கு, ஊர்ப்பெயரே பழிப்பெயர் ஆவது எப்படி என்பதை விளக்க வேண்டியதில்லை.

1851 பிப்ரவரி 19 இரவு, ஜேன்சன் என்ற வணிகரின் கடைக்குள் பொருள் வாங்குவோர் போல் இருவர் நுழைந்தனர். அவரைத் தலையில் அடித்து வீழ்த்திவிட்டு, ஏறத்தாழ 2,000 டாலர் பணத்துடன் மறைந்தனர். மறுநாளே ஐயத்தின் பேரில் ஒருவர் பிடிபட்டார். ஊரறிந்த கொள்ளைக்காரனான ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இவன்தான் என்றது ஊர். பிடிபட்டவரோ, தம் பெயர் தாமஸ் பெர்டியூ என்றும், ஸ்டூவர்ட் என்பவனைத் தமக்குத் தெரியாது என்றும் மன்றாடினார். விண்ட்ரெட் என்ற இன்னொருவரும் பிடிக்கப்பட்டார். படுக்கையில் கிடந்த ஜேன்சன் முன் இருவரும் நிறுத்தப்பட்டபோது, பெர்டியூவே தம்மை அடித்தவர் என்று அவர் அடையாளம் காட்டினார்.

(பெர்டியூவை ‘அவர்’ என்றும் ஸ்டூவர்ட்டை ‘அவன்’ என்றும் நாம் எழுதுகிறோம். முடிவு தெரிந்தபின் எழுதுவதால் வந்த பெருந்தன்மை இது. அன்று அத்தெருவில் நின்றிருந்தால் நம் வாயிலும் ‘அவன்’ என்றே வந்திருக்கும்.)

ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நீதிமன்றத்தை நம்ப முடியாது, நாமே விசாரித்து நாமே தூக்கிலிடுவோம் என்ற கூச்சல் எழுந்தது. கூட்டத்திலிருந்தே பன்னிருவர் நடுவர்களாக அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் குற்றவாளி என்றனர். மூவர் மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றனர். ஒருமித்த முடிவு ஏற்படாமையால் தூக்குக் கயிறு அன்று பயன்படாமல் போயிற்று.

இவ்விடத்தில் சற்று நிற்போம். தமிழில் ‘ஐயம்’ என்னும் ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. பிறன்மீது கொள்ளும் ஐயம் ஒன்று. தன் அறிவின்மீது தானே கொள்ளும் ஐயம் மற்றொன்று. கூட்டத்தாரிடம் இருந்தது முன்னது, அம்மூவரிடம் இருந்தது பின்னது. முதல் ஐயம் சினத்துடன் நட்புக்கொண்டது. கூட்டம் பெருகப் பெருகத் தானும் பெருகி, ஒரு கட்டத்தில் ஐயம் என்ற தன் பெயரையே மறந்து உறுதியென வேடம் பூண்டுவிடுகிறது. இரண்டாவது ஐயமோ தனிமையில் வாழ்வது. கயிறு கேட்டு ஆயிரவர் வெளியே நிற்கும்பொழுது, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று மூவர் சொன்னது கோழைகளுக்கு இயலும் செயலன்று. அவர்கள் பெர்டியூ குற்றமற்றவர் என்று சொன்னதாகக் கொள்ள வேண்டா. தங்கள் அறிவு ஓர் உயிரைப் போக்கப் போதுமானதன்று என்று மட்டுமே சொன்னார்கள்.

கூட்டம் விட்டதைச் சட்டம் விடவில்லை. முறையான நீதிமன்றமும் இருவரையும் குற்றவாளிகள் என்று கண்டு, 14 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. விண்ட்ரெட் சிறையிலிருந்து தப்பிவிட்டார். பெர்டியூவின் துன்பமோ மேலும் வளர்ந்தது. மூர் என்பவரைக் கொன்றதாக ஸ்டூவர்ட்மீது ஒரு வழக்கு இருந்தது. அதற்காக அவரை மேரிஸ்வில் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கே ஸ்டூவர்ட்டுடன் முன்பு பழகியவர்களே கூண்டேறி, இவன்தான் அவன் என்றனர். உயரம் ஒத்திருந்தது, கன்னத்தில் வடு ஒத்திருந்தது, விரல் ஊனம்கூட ஒத்திருந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அதே ஜூலைத் தொடக்கத்தில், சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு திருட்டின் பேரில் ஒருவன் பிடிபட்டான். பிடித்தவர்கள், ஜூன் மாதத்தில் வணிகர்கள் சட்டத்துக்குப் புறம்பாக அமைத்துக்கொண்ட விழிப்புக் குழுவினர். முன்பே அவனை அறிந்த ஒருவர் தற்செயலாகக் கண்டு, ‘ஸ்டூவர்ட்!’ என்று அழைத்தார். அவன் உண்மையான ஸ்டூவர்ட். ஜேன்சனைக் கொள்ளையிட்டதை அவன் ஒப்புக்கொண்டான். ஜூலை 11ஆம் நாள் குழுவினர் அவனைத் தூக்கிலிட்டனர். பெர்டியூ உயிர் பிழைத்தார்.

சட்டம் கொல்ல முனைந்தவரைச் சட்டத்தை மீறியவர்கள் காப்பாற்றினார்கள் என்று இதைக் கொண்டு வாதிப்போர் உளர். நமக்கு அது உடன்பாடன்று. காப்பாற்றியது குழுவின் அறம் அன்று, காலம். பிப்ரவரியில் அம்மூவரும் தலையசைத்திருந்தால் பெர்டியூ அன்றே மாண்டிருப்பார். அதன்பின் ஸ்டூவர்ட் பிடிபட்டு உண்மையைக் கக்கியிருந்தாலும், அது புதைகுழிக்குச் சொன்ன செய்தியாகவே இருந்திருக்கும். அவன் பிடிபடாதிருந்தாலோ, கொள்ளையனை ஒழித்தோம் என்று ஊர் நிம்மதியாக உறங்கியிருக்கும். விரைந்து செய்த பிழைகளுள் இவ்வாறு வெளிப்படாமலே போனவை எத்தனையோ! அவற்றைக் கணக்கெடுக்க வழியில்லை என்பதே நம்மை அச்சுறுத்த வேண்டும்.

அதே கலிபோர்னியாவில், கிராஸ் வேலி என்ற சுரங்க ஊரில் 1855இல் பிறந்து, பின்னாளில் ஹார்வர்டில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய ஜோசையா ராய்ஸ், தம் பிறந்த மண்ணின் வரலாற்றை 1886இல் நூலாக எழுதினார். கூட்டநீதியை அவர் வீரமாகப் பாடவில்லை. குடிமக்கள் பொதுக்கடமையைக் கைவிட்டு அவரவர் பொருளைத் தேடியதன் விளைவே அது என்றார். காவலை, நீதிமன்றத்தைப் பேணுவதற்கு நேரமில்லாத மக்கள், தூக்கு மரத்தடியில் திரள மட்டும் நேரம் கண்டார்கள். ராய்ஸ் சொன்னவற்றுள் இது ஒன்றே நமக்கு ஓர் ஆண்டுக்குச் சிந்தனைக்குப் போதும்.

பொய்ப்பழி என்றதும் தமிழர் நெஞ்சில் கோவலன் நிற்பது இயல்பு. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள. மதுரையில் ஒரு பொய்யன் இருந்தான். களவைத் தானே செய்துவிட்டுப் பழியைப் பிறன்மேல் போட்டான். சான் பிரான்சிஸ்கோவிலும் மேரிஸ்வில்லிலும் ‘இவன்தான்’ என்றவர்கள் பொய்யர் அல்லர். ஜேன்சன் கண்டதைச் சொன்னார். அவர் கண்டது தவறாக இருந்தது. அடுத்து, கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தால் உள்ளே இருக்கும் பரல் பேசும். பெர்டியூவின் கையில் தம் முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை, அந்த முகமோ அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. பாண்டியன் தன் பிழையை அறிந்த கணமே உயிர் துறந்தான். இங்கே பிழையை அறிந்தவர்கள் அவரவர் கடைக்குத் திரும்பினார்கள்.

பின்னர் பெர்டியூ, தம் வழக்குக்குச் செலவான பணத்தையேனும் தருமாறு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுச் செய்தார். மனு ஏற்கப்படவில்லை. இவருக்குக் கொடுத்தால் அது முன்னுதாரணமாகிவிடும். இத்தகையோர் அனைவர்க்கும் கொடுக்கக் கருவூலம் தாங்காது என்பது காரணம். கோப்புகளுடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட நமக்கு அந்தக் குறிப்பின் நடை மிகவும் பழகியது. யார் எழுதியிருந்தாலும் நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பார்.

நம் அலுவலகத்தில் ஒரு சமயம் பணிப்பதிவேடு ஒன்று காணாமற் போயிற்று. கடைநிலை ஊழியர் ஒருவர் மாலையில் அந்தப் பீரோவின் அருகே நின்றதை இருவர் பார்த்திருந்தனர். அவர்கள் பார்த்தது மெய். ஐவர் கையொப்பமிட்டு மேலிடத்துக்கு எழுதினோம். மூன்றாவது கையொப்பம் நம்முடையது. அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். நான்கு மாதம் கழித்து அந்தப் பதிவேடு மற்றொரு கோப்புடன் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததாகக் கிடைத்தது. ‘கிடைத்துவிட்டது’ என்று ஒரு வரிக் குறிப்பு எழுதி, அதிலும் கையொப்பமிட்டோம். அவரை அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அன்று மாலை நினைத்தோம். மறுநாள் பாராளுமன்றக் கேள்வி ஒன்று வந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒவ்வொரு மேசைக்கும் வந்து கைகூப்பி விடைபெற்றார். நம் மேசைக்கும் வந்தார். எழுந்து நின்று கைகூப்பினோம்.