கம்பியின் கனமும் கருதாமையின் பாவமும்

தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவன், தன் செய்கையால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளி ஆவானா என்னும் வினா தர்ம சாஸ்திரங்களில் மட்டும் எழுவதன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டை நோக்கி ஏறும் ஏலமலைச் சரிவுகளில், மின்கம்பத்துக்கு வெகு தொலைவில் நிற்கும் கட்டடத்துக்குச் சர்வீஸ் ஒயர் வாங்கும்போதும் அதே வினா எழுகின்றது.

கம்பியின் இயல்பு யாவரும் அறியத்தக்கதே. நீளம் கூடினால் தடை கூடும். கனம் கூடினால் தடை குறையும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியுள்ள இடத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்து, அதில் 20 ஆம்பியர் செலுத்தினால், போக வர 200 மீட்டரில் ஏறத்தாழ 17 வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு 7 வோல்ட்டளவில் நின்றுவிடும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் மோட்டாரோ, புறப்படும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுப்பது; இவ்வாறு மின்னழுத்தம் குறைந்தால் அதிகம் இழுத்துத் தானும் சூடேறுவது.

மெல்லிய கம்பி முதல் நாளில் தன் குற்றத்தைக் காட்டுவதில்லை. விளக்கு எரிகின்றது, உரிமையாளர் மகிழ்கின்றார். பின்னர் மோட்டாரும் ஹீட்டரும் ஒவ்வொன்றாய்ச் சேர, கம்பியின் உறை ஆண்டுக்கணக்கில் சூட்டில் வறண்டு வெடிக்கின்றது. அடிக்கடி பியூஸ் போகின்றதென்று அதில் கனத்த கம்பியைச் சுற்றுகிறவர், எஞ்சியிருந்த காவலையும் அகற்றிவிடுகின்றார். சிக்கனம் செய்தவர் கீழே ஊரில் உறங்க, அந்தக் கம்பியின் கீழே உறங்குவோர் தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே.

தீ விபத்து நேர்ந்தால் அது விதி என்பர் சிலர். போடிக்கு அண்மையிலுள்ள உத்தமபாளையத்துக் குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்கிவைத்த சமண சமயம் இவ்வாதத்தை ஏற்பதில்லை. கவனமற்ற செய்கையால் உயிருக்கு நேரும் கேடே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் சமண ஆசாரியர் உமாஸ்வாதி வரையறுத்தார். பிரவசனசாரத்தில் மற்றோர் ஆசாரியரான குந்தகுந்தரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உயிர் மடியினும் மடியாவிடினும் கவனமின்றி நடப்பவனை ஹிம்சைக் குற்றம் சேர்ந்தே தீரும் என்றும், ஜாக்கிரதையோடு நடப்பவனை வெறும் நிகழ்ச்சியால் மட்டும் பாவம் பந்திப்பதில்லை என்றும் உணர்த்தினார். இதன்படி, பற்றாத கம்பியைத் தெரிந்தோ விசாரியாமலோ பதித்தவர், அக்கட்டடம் நூறாண்டு தீயின்றி நின்றாலும் குற்றமுடையவரே; ஏனெனில் அங்கே பிறரைக் காத்தது தற்செயலேயன்றி அவருடைய தர்மம் அன்று. கணக்கிட்டு அறியக்கூடிய ஒன்றை விதியின் தலையில் ஏற்றுவது பக்தியும் ஆகாது.

ஆதலின், கம்பி சுவருக்குள் மறையுமுன்னரே தூரத்தை அளந்து, இன்றைய சுமையோடு நாளை சேரும் சுமையையும் கூட்டி, கம்பி தாங்கும் அளவுக்கு மேற்படாத பிரேக்கரைப் பொருத்தி, எர்த் இணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். அஹிம்சையை விரதமாகக் கொண்டவருக்கு இந்தக் கணக்கும் அவ்விரதத்தின் ஓர் அங்கமே.